காற்று ஆகாதது

குறட்டைச் சத்தம் நின்றிருந்தது.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டாள். குழாயிலிருந்து சொட்டும் நீர், பக்கத்து வீட்டில் நாற்காலியை இழுக்கும் சத்தம், ஃப்ரிட்ஜின் முனகல், தெருக்கோடியில் ஒரு வண்டி கிளம்பாமல் இருமிக்கொண்டிருப்பது, எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் இவை எதுவும் கேட்காது. படுக்கையறையிலிருந்து வருகிற அந்த ஒரு சத்தம் எல்லாவற்றையும் போர்த்திவிடும். கல்யாணமான புதிதில் அதற்காக அவள் அழுதிருக்கிறாள். பிறகு சண்டை பிடித்திருக்கிறாள். கடைசியில் அது இல்லாவிட்டால்தான் தூக்கம் வராது என்றாகிவிட்டது. "மரம் அறுக்குற மிஷினைக்கூட எண்ணெய் விட நடுவுல நிறுத்துவாங்க. உங்கப்பாவுக்கு அதுவும் கிடையாது" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

எப்போது நின்றது? நேற்று இருந்ததா? அதற்கு முந்தின நாள்? யோசித்துப் பார்த்தபோது, சில நாட்களாகவே வீடு இப்படித்தான் அமைதியாகக் கிடந்தது என்பதும், ஆஸ்பத்திரி அலைச்சலில் அடித்துப்போட்டாற்போல் தூங்கியதால் தனக்கு அது உறைக்கவில்லை என்பதும் புரிந்தது.

ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினாள். வெக்கை முகத்தில் அறைந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தித் தாழ் போட்டிருந்தன. ஃபேன் ஓடவில்லை. அவர் குப்புறப் படுத்திருந்தார். முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு படுக்கிறவர்களைப் போல இல்லை; நெற்றி, மூக்கு, வாய் எல்லாமே தலையணைக்குள் நேராகப் புதைந்திருந்தன. தலையணையின் இரண்டு ஓரங்களையும் மடக்கிக் காதோடு சேர்த்து இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தார்.

முதுகைப் பார்த்தாள். அசைவில்லை.

"என்னங்க..."

தோளைப் பிடித்து உலுக்கினாள். உடம்பு சூடாகத்தான் இருந்தது. அவர் தலையைத் திருப்பினார். கண்கள் ஏற்கெனவே திறந்திருந்தன. தூங்கி விழித்தவரின் கலக்கம் அவற்றில் இல்லை. கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். அதற்கப்புறம்தான், விட்டுப்போன ஏதோ ஒன்று ஞாபகம் வந்தவர்போல, நெஞ்சு ஒரே ஒரு முறை எழும்பியது. அந்த மூச்சில் பேசினார்.

"என்ன?"

"மூச்சுச் சத்தமே காணோம். எனக்கு உயிரே போயிடுச்சு."

"தூங்கிட்டிருந்தேன்."

மிச்சக் காற்று வெளியேறியது. நெஞ்சு இறங்கி அப்படியே நின்றது. அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். அவர் முகத்தைத் திரும்பவும் தலையணைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில், கடையில், ஆஸ்பத்திரியில்கூட 'லிஃப்ட்டுக்காரர்' என்றால்தான் தெரியும். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் 'மாஸ்டர்' என்பார்கள். வீட்டில் அவரும் கேலியாக அப்படிக் கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. "நீ முன்னும் பின்னும் போறவ, நான் மேலயும் கீழயும் போறவன். ரெண்டு பேரும் சேர்ந்து எங்க மாஸ்டர் போய்ச் சேர்றது?" என்பார்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு பழைய கட்டடத்தில் வேலை வந்தது. லிஃப்ட் ஓடிப் பல காலம் ஆகியிருந்த இடம். அதன் அடிக்குழியைப் பலகை போட்டு அடைத்து, மேலே சிமெண்டும் பூசியிருந்தார்கள். அதை உடைத்து இறங்கியபோது, துருப்பிடித்த போல்ட் ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறிவிட்டது. "முழங்கால் வரைக்கும் சேறு, மாஸ்டர். கருப்பா, கொழகொழன்னு. காத்தே படாம கிடந்த சேறு. பலகையப் பேத்ததும், வெளிச்சத்துல அது கொஞ்சம் உள்வாங்கின மாதிரி இருந்துச்சு" என்று அன்று சாயங்காலம் காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

சர்க்கரை இருக்கிற உடம்பு. காயம் ஆறவில்லை. பாதம் வீங்கிக் கறுத்து, கிருமி எலும்புக்குள் இறங்கிவிட்டது. ஊசி மாற்றி ஊசி போட்டார்கள். அறுத்துச் சுத்தம் செய்தார்கள், திரும்பவும் சீழ் வைத்தது, திரும்பவும் அறுத்தார்கள். கணுக்காலோடு எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார் ஒரு டாக்டர். ஏணியில் ஏறிப் பிழைக்கிறவருக்குக் கால் போனால் என்ன மிஞ்சும்?

இன்னொரு டாக்டர் வேறு வழி சொன்னார். நிதானமாகப் பேசுகிறவர்.

"இது காத்து ஆகாத கிருமி. பிராணவாயு பட்டா தாங்காது. அதனாலதான் ரத்த ஓட்டம் குறைஞ்ச இடமாப் பார்த்து ஆழத்துல போய் உக்காந்துக்குது. ஒரு கண்ணாடிக் குழாய்க்குள்ள உங்களைப் படுக்க வெச்சு, அழுத்தத்தை ஏத்தி, சுத்தமான பிராணவாயுவை சுவாசிக்க வெப்போம். அது ரத்தத்துல கரைஞ்சு எலும்பு வரைக்கும் போய்ச் சேரும். மருந்தும் கூடவே ஓடும். கால் தப்பிக்க வாய்ப்பு இருக்கு."

"தாங்கலைன்னா அது எங்க சார் போகும்?" என்று கேட்டார் லிஃப்ட்டுக்காரர்.

"எங்கயும் போகாது. செத்துப்போகும்."

"சாகாததுன்னு ஒண்ணு ரெண்டு இருக்காதா?"

டாக்டர் சிரித்தார். அவளும்தான் சிரித்தாள்.

முதல் நாள் ஆபரேட்டர் பெண் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். மோதிரம் கூடாது, கடிகாரம் கூடாது, தலையில் எண்ணெய் கூடாது, பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். உள்ளே ஒரு பொறி பட்டால் போதும், பற்றிக்கொள்ளும். "அழுத்தம் ஏத்துறதைக் கீழ இறங்குறதுன்னு சொல்லுவோம், கடலுக்கு அடியில போற மாதிரி. காது அடைக்கும், எச்சில் முழுங்குங்க. முடிஞ்சதும் மேல வருவோம். அப்போ மட்டும் மூச்சைப் பிடிக்கவே கூடாதுங்க ஐயா. உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு நுரையீரலைக் கிழிச்சிடும்."

"கீழ போறதும் மேல வர்றதும் எனக்கென்னம்மா புதுசு? பொழப்பே அதுதானே."

படுக்கை உள்ளே நகர்ந்தது. கதவு மூடியது. சீறிக்கொண்டு காற்று ஏறியது. அவர் ஊர்வலத்தில் போகிற தலைவரைப் போல உள்ளேயிருந்து அவளுக்குக் கையசைத்தார்.

தினமும் போனார்கள். காயம் ஆறத் தொடங்கியது. கறுப்பு விலகி, சிவந்த சதை அரும்பு கட்டி, ஓரங்கள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. கட்டைப் பிரிக்கும்போது குடலைப் புரட்டிய நாற்றம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அவள் ஆனந்தத்தில் அழுதாள். வெளியூரில் இருக்கிற மகளுக்குப் போட்டோ அனுப்பினாள். அந்தச் சந்தோஷத்தில்தான் மற்றதெல்லாம் கண்ணில் படாமல் போயிருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எல்லாம் கண்ணில் பட்டது. அவள் திறந்து வைத்துவிட்டுப் போகிற ஜன்னல்கள் திரும்பி வரும்போது தாழிட்டிருந்தன. சமையலறையில் புகை போகிற துவாரத்தில் பழைய செய்தித்தாள் கசக்கித் திணித்திருந்தது. குளியலறையின் மேல் ஜன்னலில் அட்டை வைத்து ஒட்டியிருந்தது. படுக்கையறைக் கதவுக்கு அடியில், எலி வருவதைத் தடுக்கிறவர்கள் செய்வதுபோல, ஈரத்துணி சுருட்டி வைத்திருந்தது. கேட்டால், "குளுருது" என்பார். வியர்த்துக் கொட்டும் அந்த வீட்டில், ஒற்றை வார்த்தை. இப்போதெல்லாம் ஒற்றை வார்த்தைகள்தான். 'மாஸ்டர்' என்று அவர் கூப்பிட்டே பல நாளாயிற்று. அந்த ஒற்றை வார்த்தைக்காக அவர் இழுக்கிற மூச்சு திரும்ப வெளியே வரும்போது, பழைய கிரீஸும் துருவும் ஊறிய சேற்றின் வாடை வந்தது. காயத்தில் துளி நாற்றமில்லை. வாயிலிருந்து வந்தது.

வண்டி பழகுகிறவர்கள் கியர் மாற்றும்போது தங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். பக்கத்தில் இருப்பவர் மூச்சு விடுகிறாரா இல்லையா என்பது திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். அது தொழில் கொடுத்த புத்தி. சாப்பாட்டு மேசையில் எதிரே அவர் உட்கார்ந்திருந்தார். மென்றார். விழுங்கினார். அவருடைய நெஞ்சுக்கு நேராக இருந்த சட்டைப் பொத்தானையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு காலியாகும்வரை அது அசையவில்லை.

மகளுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, நீ ஒழுங்காத் தூங்கி எவ்வளவு நாளாச்சு? காலு நல்லாகுதுல்ல, அதை நெனச்சு சந்தோஷப்படு. பேய்ப்படம் பார்த்த மாதிரி பேசுற."

"அவர் மூச்சே விடுறதில்லடி."

"அப்ப எப்படிம்மா உயிரோட இருக்கார்?"

அவள் போனை வைத்தாள்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது குளியலறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே தண்ணீர்ச் சத்தம் எதுவும் இல்லை. எட்டிப் பார்த்தாள். தண்ணீர் பிடித்து வைக்கிற பெரிய பிளாஸ்டிக் டிரம்முக்கு முன்னால் அவர் மண்டியிட்டிருந்தார். இரண்டு கைகளும் விளிம்பின்மேல் சாவகாசமாக மடிந்திருந்தன. கழுத்துவரை தலை தண்ணீருக்குள் இருந்தது. முடி மட்டும் மிதந்து மெல்ல ஆடியது. தண்ணீரில் ஒரு குமிழி இல்லை.

கத்தியபடியே ஓடி முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். தலை வந்தது. அவர் இருமவில்லை. திணறவில்லை. மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் தண்ணீர் தானாக ஒழுகி முடிந்தது. பொறுமையாக அவளைப் பார்த்தார். பிறகு ஒரு மூச்சு.

"முகம் கழுவினேன்."

அன்றும் அவரைக் குழாய்க்குள் படுக்கவைத்தார்கள். அவள் வழக்கம்போலப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். காற்று ஏறும் சீறல், எங்கோ ஒரு வால்வு டிக் டிக்கென்று அடித்துக்கொள்வது, மருந்து போட்டுத் துடைத்த தரையின் வாடை, மேலே குழல் விளக்கின் இரைச்சல். இத்தனை நாளும் புத்தகம் புரட்டிக்கொண்டோ கண்ணயர்ந்தோ கழித்த நேரம் அது. இன்று அவர் நெஞ்சைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முதலில் அசைவே இல்லை. உதடுகளை ஒட்டவைத்ததுபோல் இறுக்கி மூடியிருந்தார். அழுத்தம் காட்டும் முள் ஏற ஏற, கழுத்து நரம்புகள் புடைத்தன. முகம் கோணியது. உள்ளே ஏதோ ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டுவதுபோல் தாடை இப்படியும் அப்படியும் இழுத்தது. சட்டென்று வாய் திறந்துகொண்டது. நெஞ்சு எழும்பியது. இறங்கியது. எழும்பியது. தண்ணீருக்கடியிலிருந்து வந்தவன்போல அவர் மூச்சு வாங்கினார், வாங்கிக்கொண்டே இருந்தார். கண்ணில் நீர் கட்டியது. தலையைத் திருப்பி அவளைத் தேடினார். உதடுகள் அசைந்தன. சத்தம் கேட்காவிட்டாலும் அந்த வார்த்தை என்னவென்று அவளுக்குத் தெரிந்தது.

மாஸ்டர்.

ஆபரேட்டர் பெண் வாசலோரம் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். குழாய்க்குள் இருப்பவரோடு பேசுவதற்காக மாட்டியிருந்த ரிசீவரை அவளே எடுத்தாள்.

"என்னங்க... நீங்கதானா?"

"நான்தான். நல்லாக் கேட்டுக்கோ." கனமான காற்றில் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. ஆனால் அவருடைய குரல். மூச்சு நிறைந்த குரல். "இங்க மட்டும்தான் நான் இருக்கேன், மாஸ்டர். வெளிய வந்தா நான் இல்ல."

"அப்ப வீட்ல இருக்கிறது?"

"தெரியல. குழியிலேர்ந்து வந்தது. எலும்புல அதுக்கு இடமில்லாமப் போச்சு. துரத்தத் துரத்த மேல ஏறுது. இங்க காத்து பட்டா சுருங்கிக்கும், அப்ப எனக்குக் கொஞ்சம் இடம் கெடைக்கும். கதவைத் திறந்ததும் வந்துடும். என்னைய மூச்சு விட விடாது. நான் உள்ள முழிச்சுக்கிட்டே கெடக்கேன், மாஸ்டர். எல்லாம் தெரியுது. நீ கூப்பிடுறது கேக்குது."

அவள் கண்ணாடியில் கையை வைத்தாள். உள்ளேயிருந்து அவரும் வைத்தார்.

"வலிக்குதா?"

"மூச்சு முட்டுது" என்றார். "எப்பவும் முட்டிக்கிட்டே இருக்குது."

ஆபரேட்டர் பெண் திரும்பி வந்தாள். பேச்சு அதோடு நின்றது.

அவர் வெளியே வந்ததும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் நின்றாள். எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது? "உள்ள இருக்கும்போது நல்லா இருக்கார், வெளிய வந்தா மூச்சு விடுறதில்ல" என்றாள். டாக்டர் அவரை உட்காரவைத்து முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்து, "நல்லா இழுத்து விடுங்க" என்றார். இழுத்தார், விட்டார். டாக்டர் விரலில் கருவி மாட்டிப் பார்த்தார். எண்கள் சரியாக இருந்தன. அவர் டாக்டரைப் பார்த்துப் பணிவாகப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

"ஸ்கேன் பாருங்கம்மா. எலும்பு சுத்தம். இவ்வளவு நல்லா ஆறி நான் பார்த்ததே இல்ல. இன்னும் ஒரு தடவை உள்ள படுக்கட்டும். அதோட முடிச்சுக்கலாம்."

"முடிக்காதீங்க டாக்டர். இன்னும் கொஞ்ச நாள் குடுங்க. எவ்வளவு நாள்னாலும் கூட்டிட்டு வர்றேன்."

"அமிர்தமே ஆனாலும் அளவுக்கு மிஞ்சினா நஞ்சும்மா. பிராணவாயுவும் அப்படித்தான். கண்ணைக் கெடுக்கும், வலிப்பு வரும்." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்க ரொம்ப அலைஞ்சிருக்கீங்க. வேணும்னா உங்களுக்குத் தூக்கத்துக்கு ஏதாவது எழுதித் தரட்டுமா?"

கடைசி நாள் மழை பிடித்துக்கொண்டிருந்தது. குழாய்க்குள் அவர் தன் நினைவுக்கு வந்ததும் முதலில் கேட்டது, "இன்னிக்குத்தானே கடைசி?" என்பதுதான். அவள் தலையை ஆட்டினாள். அதற்கப்புறம் அவர் அழவில்லை, புலம்பவில்லை. மகளைப் பற்றிப் பேசினார். அவள் முதன்முதலில் நடந்ததைப் பற்றி, தங்கள் கல்யாணத்தன்று மழையில் நின்றுபோன வண்டியைப் பற்றிப் பேசினார். பேசியதைவிட மூச்சு விட்டதுதான் அதிகம். மென்று ருசித்துச் சாப்பிடுகிறவர்போல ஒவ்வொரு மூச்சையும் நிதானமாக இழுத்து நிதானமாக விட்டார். மூச்சு விடுவதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"ஐயா, மேல வரலாமா?" என்றாள் ஆபரேட்டர் பெண்.

"வேண்டாம்மா. இங்கயே இருக்கேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "எல்லாரும் எப்ப வெளிய விடுவீங்கன்னு உயிரை வாங்குவாங்க. ஐயா மட்டும்தான் இப்படி." கை திருகுமிழுக்குப் போனது.

"வேண்டாம். இன்னும் கொஞ்ச நேரம்." அவள் நாற்காலியிலிருந்து எழுந்துபோய் அந்தக் கையைப் பிடித்தாள். "உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன்மா."

"அம்மா, கைய எடுங்க. இதெல்லாம் விளையாட்டு இல்ல. அம்மா!" ஆபரேட்டர் பெண் பலசாலி. மெதுவாக, ஆனால் உறுதியாக அவளை விலக்கி நாற்காலியில் உட்காரவைத்தாள். கண்ணாடிக்குள்ளிருந்து அவர், விடு என்பதுபோலத் தலையசைத்தார்.

காற்று இறங்கத் தொடங்கியது.

கண்ணாடியில் உள்ளங்கையை ஒட்டினாள். அவரும் ஒட்டினார். முள் சரிந்தது. அவர் இன்னும் மூச்சு விட்டார். அவசரமாக விட்டார். முடிந்தவரை விட்டுவிடவேண்டும் என்பதுபோல விட்டார். முள் சரிந்தது. "மூச்சைப் பிடிக்காதீங்க ஐயா, சாதாரணமா விடுங்க" என்றாள் ஆபரேட்டர் பெண், முள்ளைப் பார்த்துக்கொண்டே. ஒரு மூச்சு பாதியில் நின்றது. வாய் திறந்தபடி இருந்தது. எதையோ சொல்லப் போனார். உதடுகள் 'மாஸ்டர்' என்பதன் முதல் எழுத்துக்காக நெருங்கின.

அப்படியே மூடின.

கண்ணாடிக்கு அந்தப்புறம் விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. கை வயிற்றின்மேல் போய்ச் சாவகாசமாக அமர்ந்தது. நெஞ்சு நின்றுவிட்டது. நுரையீரல் கிழியவில்லை. எதுவும் ஆகவில்லை.

"முடிஞ்சிருச்சு!" என்றாள் ஆபரேட்டர் பெண் சந்தோஷமாக. கதவு திறந்தது. படுக்கை வெளியே நகர்ந்தது. அவர் எழுந்து, ஆறிய காலை முதலில் தரையில் ஊன்றி நின்றார். துளி நொண்டல் இல்லை. டாக்டர் வந்து கைகுலுக்கினார்.

ஒரு மூச்சு.

"போலாமா?"

ஓட்டுநர் பயிற்சிக்கு வைத்திருக்கிற கார்தான் வெளியே நின்றது. அவர் பக்கத்து இருக்கையில் ஏறினார். மழை கண்ணாடியில் கோடு கோடாக இறங்கியது. அவள் வண்டியை எடுத்தாள். ஸ்கேனும் மருந்துச் சீட்டும் பின்சீட்டில் பைக்குள் இருந்தன. பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆஸ்பத்திரி உண்டு. அங்கேயும் இப்படிக் குழாய்கள் இருக்கின்றன என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆறவே இல்லை என்று பொய் சொல்லலாம். காலில் விழலாம். கண்ணெதிரே புதிதாக ஒரு காயத்தை உண்டாக்கிக்கூடக் காட்டலாம். அவரை மறுபடி அந்தக் காற்றுக்குள் இறக்கிவிட்டால் போதும். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சந்திப்பு வந்தது. அவள் திரும்பவில்லை. நேராகப் போனாள்.

அவர் தன் பக்கத்து ஜன்னலில் விரலகலம் திறந்திருந்த இடைவெளியைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றினார். நடுவில் இருந்த பொத்தானை அழுத்தினார்; அவள் பக்கத்துக் கண்ணாடியும் ஏறியது. பாலம் தெரிந்தது. அதன் விளக்குகள் மழையில் கரைந்து மஞ்சள் மஞ்சளாகத் தெரிந்தன. கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தியது.

வண்டி குலுங்கி நின்றது.

அவள் பிரேக்கைத் தொடவில்லை. குனிந்து பார்த்தாள். சொல்லித் தருகிறவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் அந்தக் கால் இருந்தது. சிவந்த புதுத்தோல். தழும்புகூட இல்லாமல் மூடிய பாதம். பலமாக அழுத்தியிருந்தது.

அவர் குனிந்து சாவியைத் திருகி எடுத்தார். பின்னால் ஹாரன்கள். சாவியிலிருந்த பொத்தானை அழுத்தினார்; கதவுகள் க்ளிக்கென்று பூட்டிக்கொண்டன. காற்று வருகிற துவாரங்களை ஒவ்வொன்றாக விரலால் மூடினார். ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. கைநீட்டி, அவள் முன்னால் இருந்ததையும்.

"என்னங்க" என்றாள். "என்னங்க, நான்தான். மாஸ்டர்."

அவர் திரும்பினார். முகத்தில் டாக்டருக்குக் காட்டிய அதே புன்னகை. கண்களிலிருந்து மட்டும் நீர் வழிந்துகொண்டிருந்தது. நிற்காமல் வழிந்தது. புன்னகை அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

கை வந்தது. தலைவலிக்குத் தைலம் தேய்த்துவிட வருகிற கையைப் போல அவ்வளவு மென்மையாக வந்தது. அவள் வாயையும் மூக்கையும் மூடியது. சேறு வாடை. அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்துப் பிடுங்கினாள். இரும்பு.

ஒரு மூச்சு இழுத்தார்.

"கொஞ்ச நேரந்தான்" என்றார். "பழகிடும்."

யாரோ ஒருவர் குடையோடு வந்து அவள் பக்கத்து ஜன்னலைத் தட்டினார். குனிந்து உள்ளே பார்க்க முயன்றார். லிஃப்ட்டுக்காரர் மற்றக் கையைத் தூக்கி, ஒன்றுமில்லை, வண்டி நின்றுவிட்டது என்பதுபோல ஆட்டினார். குடை நகர்ந்தது.

அவள் பக்கத்துக் கண்ணாடியில் அவள் விட்ட மூச்சின் ஆவி வெள்ளையாகப் படிந்திருந்தது. அவர் பக்கத்துக் கண்ணாடி துடைத்து வைத்ததுபோலத் தெளிவாக இருந்தது. பாலத்து விளக்குகள் அதில் பளிச்சென்று தெரிந்தன. அவள் தன் பக்கத்து வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஓரங்களிலிருந்து மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டு வந்தது.